ஸ்கிரீனைப் பார்த்து டெஸ்ட் செய்யும் ஸ்கிரிப்ட்: ஒரு பழைய பில்லிங் மென்பொருளோடு பட்ட பாடு

புதுச்சேரியின் எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் வரி மாறிவிடும். புதுச்சேரியில் இருக்கும் மருந்து மொத்த வியாபாரி தவளக்குப்பத்துக் கடைக்குச் சரக்கு அனுப்பினால் மத்திய வரியான சி.ஜி.எஸ்.டி ஒரு பாதி, மாநில வரியான எஸ்.ஜி.எஸ்.டி ஒரு பாதி. அதே வண்டியில் அதே மாதிரி இன்னொரு பெட்டி கொஞ்ச தூரம் தெற்கே போய்க் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இறங்கினால் மொத்தமும் வெளிமாநில வரியான ஐ.ஜி.எஸ்.டி. கடைக்காரரின் ஜி.எஸ்.டி நம்பர் 34 என்று தொடங்கினால் புதுச்சேரி, 33 என்றால் தமிழ்நாடு. புதிதாக வேலைக்கு வருபவர்கள் காரைக்கால் பில்லில்தான் தடுமாறுவார்கள். சரக்கு கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று தமிழ்நாட்டு வழியாகத்தான் காரைக்கால் போய்ச் சேரும். ஆனால் நம்பர் 34, அதனால் உள்மாநில வரிதான். மாஹேவுக்கும் ஏனாமுக்கும் இதே கதை.

இந்தக் கணக்கையெல்லாம் போடும் ஒரு பில்லிங் மென்பொருளை டெஸ்ட் செய்வதுதான் என் வேலை. லாஸ்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில் ஆபீஸ். டெவலப்பர் அண்ணன், எனக்கு மூத்த டெஸ்டரான அக்கா, சப்போர்ட் பார்க்கும் தம்பிகள், சார், அவ்வளவுதான் கம்பெனி. மென்பொருள் விஷுவல் பேசிக் 6-இல் (சுருக்கமாக விபி6) எழுதியது. அந்த மொழி 1998-இல் வந்தது, அதன் எடிட்டருக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008 ஏப்ரலோடு நிறுத்திவிட்டது. ஆனால் அதில் எழுதியவை இன்றைய விண்டோஸிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன, மருந்துக் கடைக்காரர்களும் அதை விடத் தயாராக இல்லை. "மவுசைத் தொடாம பில் போட்டு முடிச்சிடுவேன், உங்க புது சாஃப்ட்வேர்ல முடியுமா?" என்று கேட்பார்கள். முடியாது என்பதுதான் உண்மை.

2025 செப்டம்பரில் வரி விகிதம் மாறியபோது இந்தப் பழைய மென்பொருளின் முழுப் பாரமும் எங்கள் தலையில் இறங்கியது. ஜி.எஸ்.டி கவுன்சில் 3-ஆம் தேதி முடிவெடுத்தது, 22-ஆம் தேதி அமலுக்கு வந்தது. பெரும்பாலான மருந்துகள் 12 சதவீதத்திலிருந்து 5 ஆயின. 33 உயிர்காக்கும் மருந்துகளுக்கு வரியே இல்லை என்றானது. வெறும் விகிதத்தை மாற்றினால் போதாது. மருந்து வியாபாரத்தில் காலாவதி ஆன சரக்கு திரும்பி வந்துகொண்டே இருக்கும். 22-க்கு முன்னால் 12 சதவீதத்தில் போன சரக்கு அக்டோபரில் திரும்பினால், கிரெடிட் நோட் (திரும்பிய சரக்குக்குக் கொடுக்கும் வரவுச் சீட்டு) பழைய பில்லின் விகிதத்தில்தான் போட வேண்டும். ஆக, ஒரே திரையில் ஒரே மருந்துக்குப் பழைய விகிதம், புது விகிதம் இரண்டும் வரும். அதை உள்மாநிலம், வெளிமாநிலம், வரியில்லா மருந்து, சில்லறை, மொத்தம் என்று பெருக்கிப் பாருங்கள். கையால் ஒருமுறை முடிக்கலாம். அண்ணன் ஒவ்வொரு முறை திருத்தம் தரும்போதும் முதலிலிருந்து செய்ய யாராலும் ஆகாது. அதனால்தான் தானியங்கி டெஸ்ட். பாதி ஸ்கிரிப்ட் அதற்கு முன்பே இருந்தது. அதன் குணம் என்னவென்று அந்த வாரங்களில்தான் முழுதாகத் தெரிந்தது.

எங்கள் ஸ்கிரிப்ட், பட்டனின் படத்தைத் திரையில் தேடிக் கிளிக் செய்யும் ரகம். படத்தைத் தேடும் கருவிக்கு ஏன் போக வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. விண்டோஸ் மென்பொருள் எதுவானாலும் முதலில் விண்டோஸ் எஸ்.டி.கே-யில் (டெவலப்பர்களுக்கான கருவித் தொகுப்பு) வரும் இன்ஸ்பெக்ட் என்ற சின்னக் கருவியைத் திறந்து, பட்டன் மேல் மவுசை வைத்துப் பாருங்கள். பெயர், வகை, மதிப்பு எல்லாம் வரிசையாகத் தெரிந்தால் உங்களுக்கு யோகம். பட்டனைப் பெயர் சொல்லி இயக்கும் பைத்தான் நூலகமான பைவின்ஆட்டோ மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு வேலையை முடியுங்கள், இதற்கு மேல் படிக்க வேண்டியதே இல்லை. எங்களுக்குப் பாதி யோகம். விபி6-இன் டெக்ஸ்ட் பாக்ஸும் பட்டனும் 'தண்டர்ஆர்டி6' என்று தொடங்கும் விசித்திரமான பெயர்களில் தெரிந்தன. லேபிள் தெரியவில்லை. விபி6 லேபிளுக்கென்று தனி விண்டோ கிடையாது, அது ஃபார்மின் மேல் வரையப்படும் எழுத்து மட்டும்தான். பில்லின் உயிரே ஃபிளெக்ஸ்கிரிட் என்ற அட்டவணைதான். அது வெளியிலிருந்து பார்த்தால் ஒரே பெரிய கட்டம். உள்ளே எத்தனை வரிசை, எந்தச் செல்லில் என்ன எண் என்று எந்தக் கருவியும் சொல்லாது. ஒரு செல்லில் எழுதும்போது மட்டும் அதன் மேல் ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ் வந்து உட்காரும், அந்த நேரத்தில் அதைப் படித்துவிடலாம். ஆனால் வரி விகிதக் காலம், அதாவது அந்த நெடுக்கு வரிசை, பூட்டப்பட்டது, அங்கே எழுதவே முடியாது. நாங்கள் பார்க்க வேண்டியதோ அந்தக் காலத்தைத்தான்.

அதனால் சிக்குலி என்ற படம் தேடும் கருவி. 2009-இல் எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சியாகத் தொடங்கியது. பிறகு ரைமுண்ட் ஹோக்கே என்பவர் கையில் சிக்குலிஎக்ஸ் என்று வளர்ந்தது. 'சேமி' பட்டனை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் படத்தை அப்படியே நிரலுக்குள் வைத்து, 'இதைக் கிளிக் செய்' என்று எழுதலாம். முதல் நாள் பார்க்கும்போது மாயம் மாதிரி இருக்கும். சார் அதைப் பார்த்துவிட்டு, "அப்ப டெஸ்டரே வேணாமா?" என்று கேட்டார். அக்கா பதில் சொல்லவில்லை.

உள்ளே நடப்பது எளிய கணக்குதான். ஓப்பன்சிவி நூலகம் உங்கள் சின்னப் படத்தைத் திரையின் ஒவ்வொரு இடத்திலும் வைத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஒரு மதிப்பெண் போடுகிறது. 1920-க்கு 1080 திரையில் கிட்டத்தட்ட 20 லட்சம் புள்ளிகள். அதிக மதிப்பெண் வந்த இடம் நாம் வைத்த எல்லையைத் தாண்டினால் 'கிடைத்துவிட்டது'. சிக்குலிஎக்ஸில் அந்த எல்லை, நாம் எதுவும் சொல்லாவிட்டால், 0.7. அது எழுத்தைப் படிப்பதில்லை, பட்டன் என்றால் என்ன என்றும் அதற்குத் தெரியாது. படம் பெரிதானாலோ சிறிதானாலோ தானாக ஈடுகட்டிக்கொள்ளவும் தெரியாது. இந்தக் கடைசி விஷயத்தால் போகும் நேரம் கொஞ்சநஞ்சமல்ல.

எங்கள் டெஸ்க்டாப்பில் டிஸ்ப்ளே அளவு 100 சதவீதம். சப்போர்ட் தம்பி வைத்திருந்த லேப்டாப்பில் விண்டோஸ் தானாகவே 125 வைத்திருந்தது. அங்கே ஒரு படமும் கிடைக்கவில்லை. கண்ணுக்கு எல்லாம் அப்படியேதான் இருந்தது. அளவைச் சரிசெய்த பிறகு பட்டன்கள் கிடைத்தன, எழுத்துள்ள படங்கள் மட்டும் அடம்பிடித்தன. காரணம் கிளியர்டைப். எழுத்தின் ஓரங்களை மென்மையாகக் காட்ட விண்டோஸ் அங்கே லேசாகச் சிவப்பும் நீலமும் கலந்து பூசும். எந்தத் திரையில் எப்படிப் பூசும் என்பது அமைப்பைப் பொறுத்தது. ரிமோட் டெஸ்க்டாப்பில் போனால் இணைப்பின் வேகத்தைப் பொறுத்து இந்த மென்மையாக்கலே நின்றுபோகலாம். நேரில் உட்கார்ந்து எடுத்த படம் ரிமோட்டில் பொருந்தாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரிமோட் டெஸ்க்டாப் தனிப் புராணம். அந்த விண்டோவை மினிமைஸ் செய்தால் அந்தப் பக்கம் திரை வரையப்படுவதே நின்றுவிடும். துண்டித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினால் செஷன் பூட்டிக்கொள்ளும். ஸ்கிரிப்டுக்குக் கிடைப்பது கறுப்புத் திரை. பைவின்ஆட்டோ மாதிரிக் கருவியிலாவது சில வேலைகள் பின்னணியில் நடக்கும். படம் தேடும் கருவிக்குத் திரை இல்லாவிட்டால் உலகமே இல்லை. செஷனை மெஷினின் சொந்தத் திரைக்குத் திருப்பிவிட 'டி.எஸ்.கான்' (tscon) என்ற விண்டோஸ் கட்டளை இருக்கிறது, அது வேலை செய்யும். எங்களுக்குச் சரிப்பட்டு வந்தது வேறு: ஒரு மூலையில் தனி மெஷின், அதில் யாரும் உட்காரக் கூடாது, ரிமோட்டிலும் போகக் கூடாது. மானிட்டர் இல்லாமல் வைத்தால் விண்டோஸ் ரெசல்யூஷனைக் குறைத்துவிடும். அதற்காக எச்.டி.எம்.ஐ டம்மி பிளக் என்று விரல் அளவில் ஒன்று விற்கிறார்கள், அதைச் செருகிவிட்டால் மானிட்டர் இருப்பதாக நம்பிக்கொள்ளும். பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாட்களில் மெஷின் அணைந்து, மின்சாரம் வந்ததும் எழுந்து, லாகின் திரையிலேயே நிற்கும். அதனால் தானாக லாகின் ஆகும்படி வைத்தோம், ஸ்கிரீன் லாக்கை எடுத்தோம், ஸ்லீப்பை எடுத்தோம். வெளியே போகும் நெட்வொர்க்கில் இந்த மெஷினை வைக்காதீர்கள், பாதுகாப்புக்கு நல்லதல்ல.

இன்னும் சில்லறைத் தொல்லைகள் உண்டு. கீழ் வலது மூலையில் எழும்பும் ஆன்டிவைரஸ் அறிவிப்பு எங்கள் 'சேமி' பட்டனைச் சரியாக மூடிவிடும், அதனால் அறிவிப்புகள் எல்லாமே அணைப்பில். எழுதும் பெட்டியில் கர்சர் மின்னும். படம் எடுத்த கணத்தில் கர்சர் தெரிந்தால் அதுவும் படத்தில் சேர்ந்துவிடும், அதனால் கர்சர் மின்னுவதை நிறுத்தினோம். கிளிக் செய்த பட்டன் மேலேயே மவுஸ் நின்றால் பட்டனின் நிறம் மாறி, அடுத்த முறை அதே பட்டன் கிடைக்காது. மவுசை ஒதுக்கிவிட வேண்டும். பைஆட்டோகுயி (மவுசையும் கீபோர்டையும் இயக்கும் பைத்தான் நூலகம், படமும் தேடும்) பயன்படுத்துபவர்கள் மட்டும் மேல் இடது மூலைக்கு ஒதுக்காதீர்கள். ஸ்கிரிப்ட் தறிகெட்டு ஓடினால் மனிதன் நிறுத்துவதற்கென்று அந்த மூலையைத்தான் வைத்திருக்கிறார்கள், மவுஸ் அங்கே போனால் எல்லாம் நின்றுவிடும்.

மவுஸ் நகர்கிறது, பட்டன் மேல் சரியாக நிற்கிறது, கிளிக் மட்டும் விழவில்லை, பிழைச் செய்தியும் இல்லை. இப்படி நடந்தால் படத்தைச் சந்தேகிக்க வேண்டாம். பழைய மென்பொருட்கள் பல 'அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டு' என்று அமைக்கப்பட்டிருக்கும். அப்படி ஓடும் விண்டோவுக்குச் சாதாரண அனுமதியில் ஓடும் நிரல் அனுப்பும் கிளிக்கை விண்டோஸ் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். விஸ்டா காலத்திலிருந்தே அப்படித்தான். ஸ்கிரிப்டையும் அட்மினாக ஓட்டினால் தீர்ந்தது.

இவ்வளவும் 'படம் கிடைக்கவில்லை' வகைத் தொல்லைகள். எரிச்சல் தரும், ஆனால் டெஸ்ட் நின்றுவிடும், சிவப்பு எரியும், நமக்குத் தெரிந்துவிடும். எனக்குப் பயம் இதற்கு எதிர்ப்பக்கம்: படம் கிடைத்துவிட்டது, ஆனால் கிடைத்தது வேறொன்று.

அக்காவிடம் முதல் முழு ரிப்போர்ட்டைக் காட்டினேன், எல்லா வரியும் பச்சை. அவர் அதைப் படிக்கவே இல்லை. "பாஸ் ஆனதைக் காட்டாதம்மா. தப்பா இருந்தா ஃபெயில் ஆகுதான்னு காட்டு" என்றார். அண்ணனிடம் சொல்லி மருந்து மாஸ்டரில் (மருந்துகளின் மூலப் பட்டியல்) ஒரு மருந்தின் வரியை வேண்டுமென்றே மாற்றி வைத்தோம். 5 சதவீதம் இருக்க வேண்டிய மருந்துக்கு 0. ஸ்கிரிப்டை ஓட்டினோம். பச்சை.

அந்தப் படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். காலத்தின் தலைப்பு, கட்டத்தின் கோடுகள், வெள்ளைப் பின்னணி, நடுவில் '5.00'. திரையில் இருந்தது அதே தலைப்பு, அதே கோடுகள், அதே வெள்ளை, '0.00'. புள்ளியும் பின்னால் உள்ள இரண்டு பூஜ்யமும்கூட ஒன்றே. ஆயிரக்கணக்கான புள்ளிகளில் ஓர் இலக்கத்தின் வளைவு மட்டும் வேறு. 0.7 என்ன, 0.9 வைத்தாலும் இது தாண்டிப் போகும். மருந்துக்கு வரி போட்டோமா இல்லையா என்பதுதான் முழுக் கேள்வியும். அதற்கான பதில் அந்த ஒரு வளைவில்தான் இருக்கிறது.

இதிலிருந்து வந்த முதல் பழக்கம், படத்தைச் சின்னதாக வெட்டுவது. பெரிதாக எடுத்தால் பத்திரம் என்றுதான் தோன்றும். ஆனால் படத்தில் பொதுவான பகுதி கூடக் கூட, வித்தியாசமான பகுதியின் எடை குறையும். பெரிய படம் தாராள மனசுக்காரப் படம். சின்னதாக வெட்டினால் இன்னொரு சிக்கல் வரும்: '5.00' என்பது பில்லில் பத்து இடத்தில் இருக்கலாம். அதனால் தேடும் இடத்தையும் சுருக்க வேண்டும். முதலில் காலத் தலைப்பைக் கண்டுபிடி, அதற்குக் கீழே இத்தனை புள்ளி உயரத்துக்குள் மட்டும் தேடு. சிக்குலியில் இதற்கு ரீஜன் என்ற வசதி இருக்கிறது, பைஆட்டோகுயியிலும் உண்டு. வேகமும் கூடும், அது போனஸ். அப்படியும் ஒரே இடத்தில் ஒன்றுக்கு மேல் கிடைத்தால், முதல் ஒன்றை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். எல்லாவற்றையும் எண்ணச் சொல்லுங்கள், ஒன்றுக்கு மேல் இருந்தால் அதுவே ஃபெயில்.

அடுத்தது மதிப்பெண். 0.7 என்பது வெவ்வேறு மெஷினில் வெவ்வேறு மாதிரி தெரியும் திரைகளுக்காகக் கருவி காட்டும் கருணை. ஒரே மெஷின், ஒரே ரெசல்யூஷன், ஒரே எழுத்து அமைப்பு என்று கட்டிப்போட்ட பிறகு அந்தக் கருணை நமக்குத் தேவையில்லை. அதே திரையை அதே மெஷின் மறுபடி வரைந்தால் மதிப்பெண் ஏறக்குறைய 1-ஐத் தொடும். அதனால் எல்லையை 0.98 என்று ஏற்றினோம். மூலையில் இருக்கும் தனி மெஷினுக்காகப் பட்ட பாடெல்லாம் உண்மையில் இதற்குத்தான். மெஷினைக் கட்டிப்போடாமல் எல்லையை ஏற்றினால் தினமும் பொய் ஃபெயில் வரும்; எல்லையை ஏற்றாமல் விட்டால் பொய் பாஸ் வரும். சிக்குலியின் எடிட்டரில் ஒரு படத்தைக் கிளிக் செய்தால், எல்லையை நகர்த்தி நகர்த்தித் திரையில் எது எது பொருந்துகிறது என்று முன்கூட்டியே பார்க்கலாம். அதைத் திறந்து பார்க்காமல் எந்தப் படத்தையும் இப்போது சேர்ப்பதில்லை. ஒவ்வொரு முறை படம் கிடைக்கும்போதும் மதிப்பெண்ணை லாகில் எழுதவும் வைத்தோம். நேற்றுவரை 0.99 வந்த இடத்தில் இன்று 0.98 வந்தால் டெஸ்ட் பாஸ்தான். ஆனால் ஏதோ மாறியிருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

மங்கிப்போன பட்டன் இதே குடும்பம். பில்லில் கட்டாயம் நிரப்ப வேண்டிய இடம் காலியாக இருந்தால் 'சேமி' பட்டன் சாம்பல் நிறமாகி வேலை செய்யாது. கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் வித்தியாசம் இது. கருவியின் கணக்கோ, சராசரி வெளிச்சத்தைக் கழித்துவிட்டு வடிவத்தைத்தான் அதிகம் பார்க்கிறது. வடிவம் அதேதான். மங்கிய பட்டனையும் கண்டுபிடித்துக் கிளிக் செய்துவிட்டு, 'சேமித்தாகிவிட்டது' என்று நம்பி அடுத்த வேலைக்குப் போய்விடும். பட்டன் உயிரோடு இருக்கிறதா என்று பைவின்ஆட்டோவிடம் கேட்பதுதான் சரியான வழி. அது விண்டோஸிடமே கேட்டு ஆமாம், இல்லை என்று சொல்லிவிடும்.

நிறம் சம்பந்தப்பட்ட இன்னொன்று. காலாவதி நெருங்கிய பேட்சை எங்கள் மென்பொருள் சிவப்பு வரியாகக் காட்டும். பைஆட்டோகுயியில் தேடலை வேகமாக்க, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்க்கும் வசதி உண்டு. அதைப் போட்டால் சிவப்பு வரியும் ஒரு சாம்பல் வரியாகிவிடும், எதைச் சோதிக்க வந்தோமோ அதுவே காணாமல் போகும். இங்கே படத்தைத் தேடவே வேண்டாம் என்று முடிவெடுத்தோம். அந்த வரியின் பின்னணியில் ஒரு புள்ளியின் நிறத்தை எடுத்து, சிவப்பா என்று நேரடியாகக் கேட்டால் போதும்.

எழுத்தைப் படிக்கும் ஓ.சி.ஆர் இருக்கிறதே என்று கேட்கலாம். சிக்குலிக்குள் டெசராக்ட் என்ற ஓ.சி.ஆர் கருவி இருக்கிறது. அது காகிதத்தை ஸ்கேன் செய்த 300 டி.பி.ஐ மாதிரியான படத்துக்குப் பழக்கப்பட்டது, திரையின் குட்டி எழுத்தைக் கொடுத்தால் 8-ஐ 6 என்கும், தசமப் புள்ளியைத் தொலைக்கும். படத்தை மூன்று மடங்கு பெரிதாக்கிக் கொடுத்தால் தேறும். ஆனால் ரூபாயைச் சரிபார்க்கும் இடத்தில் 'பெரும்பாலும் சரியாகப் படிக்கும்' என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கடைப் பெயர்களைத் தமிழில் காட்டப் பழைய பாமினி எழுத்துரு வேறு. உள்ளே ஆங்கில எழுத்தாக இருந்து வெளியே தமிழாகத் தெரியும் ரகம். இதில் மட்டும் படக் கருவிக்கு ஒரு சௌகரியம் உண்டு. உள்ளே என்ன குறியீடு இருக்கிறது என்ற கவலையே அதற்கு இல்லை, தெரிவதைப் பார்க்கிறது. ஆனால் யூனிகோட் தமிழைத் தட்டச்சு செய்ய வேண்டிய திரையில் சிக்குலியின் 'டைப்' உதவாது, அமெரிக்க கீபோர்டில் இருக்கும் எழுத்துகளைத்தான் அது தட்டும். 'பேஸ்ட்' பயன்படுத்த வேண்டும்.

ஆக எண்களைத் திரையிலிருந்து எடுப்பதையே விட்டுவிட்டோம். பில்லைச் சேமித்த பிறகு அது ஆக்சஸ் டேட்டாபேஸில் போய் உட்காருகிறது. அங்கிருந்து வரி, மொத்தம், பேட்ச் நம்பர் எல்லாவற்றையும் எடுத்து ஒப்பிடுகிறோம். சிக்குலியின் ஸ்கிரிப்ட் ஜைதானில் (ஜாவா மேல் ஓடும் பைத்தான்) ஓடுவது, பைவின்ஆட்டோ அதில் வராது. அதனால் மெல்ல மெல்ல எல்லாவற்றையும் சாதாரணப் பைத்தானுக்கு மாற்றி, படம் தேடுவதை மட்டும் ஓப்பன்சிவி மூலம் செய்கிறோம். இங்கே ஒரு சின்னக் கண்ணிவெடி: எங்கள் மெஷினில் இருந்த ஆக்சஸ் டிரைவர் 32-பிட். 64-பிட் பைத்தானிலிருந்து அது தெரியவே தெரியாது. 32-பிட் பைத்தானைப் போட்டதும் சரியானது. விபி6 மென்பொருளும் 32-பிட் என்பதால் பைவின்ஆட்டோவுக்கும் அதுவே நல்லது.

டேட்டாபேஸில் சரியாக இருந்தால் அச்சிலும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. மொத்த வியாபாரிகளிடம் இன்னும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்தான். அதற்கு விண்டோஸிலேயே வரும் 'ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி' என்ற பிரிண்டரைச் சேர்த்து, அதன் போர்ட்டை ஃபைல் என்று வைத்துவிட்டால், பில் காகிதத்துக்குப் பதிலாக ஒரு டெக்ஸ்ட் கோப்பாக விழும். நேற்றைய கோப்பையும் இன்றைய கோப்பையும் வரிக்கு வரி ஒப்பிட்டால் ஒரு இடைவெளி நகர்ந்தாலும் தெரிந்துவிடும். மஞ்சக்குப்பத்து பில்லில் ஐ.ஜி.எஸ்.டி வரியும் காரைக்கால் பில்லில் இரண்டாகப் பிரிந்த வரியும் சரியாக வருகிறதா என்று பார்க்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

ஓட்டுவதற்கும் படத்தைக் குறைத்தோம். வாடிக்கையாளர்கள் பெருமையடித்த அதே விஷயம்தான் இங்கே கைகொடுத்தது: இந்த மென்பொருளை மவுஸே இல்லாமல் ஓட்டலாம். ஆல்ட், எஃப்2, என்டர், டேப் என்று அனுப்பினால் பில் முழுவதும் போட்டு முடியும். ஒரு பட்டனுக்குக் குறுக்குவிசை இல்லாவிட்டால் அதற்குப் படம் எடுக்காமல் அண்ணனிடம் குறுக்குவிசை கேட்பேன். ஆனால் திரை வந்துவிட்டதா என்று பார்க்காமல் விசைகளைக் கொட்டினால், வேறு திரையில் போய் எதையாவது அழித்துவிட்டு வரும். ஒவ்வொரு கட்டத்திலும் 'இந்தத் தலைப்பு தெரியும்வரை காத்திரு' என்று ஒரு சோதனைச்சாவடி வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு 'ஐந்து நொடி தூங்கு' என்று எழுதாதீர்கள். மெஷின் வேகமாக இருக்கும் நாளில் நேரம் வீண், மெதுவாக இருக்கும் நாளில் ஐந்து நொடி பற்றாது. சிக்குலி தானாகக் காத்திருப்பது 3 நொடிதான். ஆண்டு இறுதி ஸ்டாக் ரிப்போர்ட் மாதிரி மெதுவான இடங்களுக்கு அதிக நேரம் கொடுத்தே எழுத வேண்டும். காத்திருக்கும் படத்தில் தேதியோ பில் நம்பரோ சிக்கிக்கொள்ளாமல் வெட்டுங்கள். இன்றைய தேதி சேர்ந்த படம் இன்று முழுக்கப் பாஸ் ஆகும், மறுநாள் காலையில் ஒன்றும் கிடைக்காது.

ஃபெயில் ஆன கணத்தில் முழுத் திரையையும் படம் எடுத்து, டெஸ்ட் பெயரோடு ஒரு ஃபோல்டரில் போட வையுங்கள். ஆன்டிவைரஸ் பாப்-அப், லாகின் திரை, லைசென்ஸ் முடியப் போகிறது என்ற எச்சரிக்கை, இந்த மூன்றையும் லாகைப் படித்துக் கண்டுபிடிக்கவே முடியாது. படத்தைத் திறந்தால் ஒரு நொடி.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மாலை எல்லா டெஸ்டும் மொத்தமாகச் சிவந்தது. அண்ணன் டூல்பாரின் ஐகான்களைப் புதிதாக மாற்றியிருந்தார். "ஏம்மா, படம்தானே மாத்தினேன், கோடு ஒண்ணும் தொடலையே" என்றார். அவர் சொன்னதில் தவறு ஒன்றுமில்லை. ஒரு டெவலப்பருக்கு ஐகான் என்பது கடைசியில் செய்யும் அலங்காரம், எங்களுக்கு அதுதான் கதவின் பூட்டு. அதற்குப் பிறகு ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். திரையில் தோற்றம் எது மாறினாலும் முதல் நாளே சொல்லிவிடுவார். நாங்கள் படங்களைத் திரைக்கு ஒரு ஃபோல்டர் என்று பிரித்து, ஒரே பட்டனின் படம் இரண்டு இடத்தில் இல்லாதபடி வைத்தோம். மாறினால் ஒரு கோப்பை மட்டும் மாற்றினால் போதும்.

அண்ணன் செய்த இன்னொரு உதவிதான் எங்கள் பட ஃபோல்டரைப் பாதியாக்கியது. ஃபார்மின் தலைப்புப் பட்டையில் 'விற்பனை' என்று மட்டும் இருந்த இடத்தில், பில் நம்பர், வாடிக்கையாளரின் மாநிலக் குறியீடு, சேமித்ததா இல்லையா என்ற நிலை மூன்றையும் சேர்த்து எழுதச் சொன்னேன். அவருக்கு அது ஒரு வரி நிரல். தலைப்புப் பட்டை எழுத்து என்பதால் பைவின்ஆட்டோ அதை நேராகப் படித்துவிடும். 'சேமித்தாகிவிட்டது' என்ற பச்சை லேபிளைப் படம் பிடித்துத் தேடிக்கொண்டிருந்த டெஸ்ட் எல்லாம் ஒரே நாளில் எழுத்துக்கு மாறின. சப்போர்ட் தம்பிகளுக்கும் அது பிடித்துவிட்டது. வாடிக்கையாளர் போனில் கத்தும்போது, "சார், மேல என்ன எழுதியிருக்கு, படிங்க" என்று கேட்டுவிடுகிறார்கள்.

இப்போது படம் தேடுவது இரண்டு இடங்களில்தான்: கிரிட்டின் காலத் தலைப்புகள், ரிப்போர்ட்டின் பிரிவ்யூ. காலத் தலைப்பில் தகராறு இல்லை. பிரிவ்யூ இன்னும் சரிப்படவில்லை. பக்க எண்ணிக்கை மாறும்போதெல்லாம் உருட்டுப் பட்டை நகர்ந்துவிடுகிறது, ஜூம் அளவும் சில சமயம் தானாக மாறுகிறது. பி.டி.எஃப் ஆக ஏற்றுமதி செய்ய ஒரு மெனு போட்டுத் தருவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார். அதுவரை ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால் அக்காதான் பிரிவ்யூவைத் திறந்து கண்ணால் பார்க்கிறார்.